அணு அமைப்பு: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இரண்டு வாரப் படிப்பு வரிசை

பிளஸ் ஒன் வேதியியலில் இரண்டாம் பாடம் ‘அணுவின் குவாண்டம் இயக்கவியல் மாதிரி’. தலைப்பைப் பார்த்த பயத்திலேயே பலர் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். நான்கு குவாண்டம் எண்களையும் ஒப்பிக்கத் தெரியும். ஆனால் சோடியம் அயனியில் எத்தனை எலக்ட்ரான் என்று கேட்டால் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் இருக்கும்வரை மேலே ஏறும் ஒவ்வொரு படியும் ஆடும்.

அணு அமைப்பு முதலில் எண்ணிக்கை, அதன் பிறகுதான் படம். இந்த வரிசை மாறினால் பாடம் சிக்கலாகும். கீழே உள்ள படிகளைக் குதிக்காமல் செய்யுங்கள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பதினான்கு நாள் போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இரண்டாம் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒன்பதாம் வகுப்பு அறிவியல், பதினொன்றாம் வகுப்பு வேதியியல் ஆகிய தமிழ்நாடு பாடநூல்கள் இரண்டும் வேண்டும். அச்சுப் புத்தகம் இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. இவற்றோடு ஒரு கோடு போட்ட நோட்டு, நான்கைந்து கிராஃப் தாள், பென்சில், அழிப்பான். இவற்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. இந்தப் பாடத்துக்கென்று தனியாக கைடு வாங்க வேண்டியதில்லை.

தனிம வரிசை அட்டவணை ஒன்றும் வேண்டும். அணு எண்ணும் அணு நிறையும் மட்டும் போட்டதாகப் பாருங்கள். எலக்ட்ரான் அமைப்பும் சேர்த்து அச்சிட்ட வண்ண அட்டவணை இப்போது வேண்டாம். கண் தானாக அங்கே போய்விடும், கை கணக்குப் போடாது.

கால்குலேட்டரையும் ஒதுக்கி வையுங்கள். நீட் தேர்வில் அதற்கு அனுமதி இல்லை. பத்தின் அடுக்குகளைக் கையாலேயே பெருக்கி வகுக்க இந்தப் பாடம் நல்ல பயிற்சிக்களம்.

1. மூன்று துகள்கள், மூன்று வேலைகள் (ஒரு நாள்)

புரோட்டானின் நிறை 1.673 × 10⁻²⁷ கிலோகிராம். நியூட்ரானின் நிறை 1.675 × 10⁻²⁷ கிலோகிராம், அதாவது ஒரு துளி கூடுதல். எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். புரோட்டானில் ஏறத்தாழ 1836-இல் ஒரு பங்கு. மின்சுமை புரோட்டானுக்கு +1.602 × 10⁻¹⁹ கூலூம், எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்க்குறியில், நியூட்ரானுக்குச் சுழி.

இந்த எண்களை விட, யாருக்கு என்ன வேலை என்பதை மனதில் பதிக்க வேண்டும். தனிமத்தின் பெயரைத் தீர்மானிப்பது புரோட்டான் மட்டுமே. 11 புரோட்டான் இருந்தால் அது சோடியம். மற்றவை எத்தனை மாறினாலும் சோடியம்தான். நிறையைக் கூட்டிக் குறைப்பது நியூட்ரான். வேதிவினையில் கைமாறுவது எலக்ட்ரான்.

1836 என்ற விகிதத்தை உணர ஒரு கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் எலக்ட்ரான்கள் அத்தனையையும் சேர்த்தாலும் சுமார் 18 கிராம்தான் வரும். நிறை எண்ணில் எலக்ட்ரானைச் சேர்க்காதது இதனால்தான்.

அளவுக்கும் ஒரு கணக்கு. ஹைட்ரஜன் அணுவின் விட்டம் சுமார் 10⁻¹⁰ மீட்டர், அதன் கருவின் விட்டம் சுமார் 1.7 × 10⁻¹⁵ மீட்டர். ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு வித்தியாசம். கருவை 2 மில்லிமீட்டர் கடுகாக வைத்தால் அணுவின் விட்டம் 120 மீட்டர், ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம். புத்தகத்தில் வரையும் படம் எதுவும் இந்த விகிதத்தில் இருக்காது, இருக்கவும் முடியாது. கருவைப் பெரிய உருண்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை ஒருமுறை சொல்லி வைக்க வேண்டும்.

2. முதல் இருபது தனிமங்களுக்கு ஒரு கணக்கேடு (மூன்று நாள்)

நோட்டில் ஆறு பத்தி போடுங்கள்: தனிமம், அணு எண், நிறை எண், புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். ஹைட்ரஜனில் தொடங்கி கால்சியம் வரை நீங்களே நிரப்ப வேண்டும். நியூட்ரான் எண்ணிக்கைக்கு நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் போதும். அலுமினியத்தில் 27 − 13 = 14. இவ்வளவு எளிய வேலையை ஏன் இருபது முறை செய்ய வேண்டும் என்று தோன்றும். செய்யுங்கள். சறுக்கும் இடங்கள் எல்லாம் இங்கேதான் வெளியே வரும்.

முதல் சறுக்கல், எண் எழுதும் இடம். அணுவின் குறியீட்டில் நிறை எண் இடப்பக்கம் மேலே, அணு எண் கீழே. தனிம வரிசை அட்டவணையின் கட்டத்திலோ பெரும்பாலும் அணு எண் மேலேயும் அணு நிறை கீழேயும் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது எண்கள் இடம் மாறிவிடுகின்றன. மேல் கீழ் பார்க்காதீர்கள். இரண்டில் சிறியது அணு எண். சாதாரண ஹைட்ரஜனில் மட்டும் இரண்டும் 1.

இரண்டாவது, நிறை எண்ணும் அணு நிறையும் ஒன்று என்ற நினைப்பு. நிறை எண் என்பது ஓர் அணுவிலுள்ள புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை, எனவே முழு எண். அணு நிறை என்பது இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறிய அணுக்கள்) சராசரி, எனவே தசமம் வரும். குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின்-35 இயற்கையில் 75.77 சதவீதம், அதன் நிறை 34.969. குளோரின்-37 மீதி 24.23 சதவீதம், அதன் நிறை 36.966. நிறையைச் சதவீதத்தால் பெருக்கி இரண்டையும் கூட்டினால் 26.496 + 8.957 = 35.453. இந்த 35.45 நிறை கொண்ட குளோரின் அணு உலகில் ஒன்றுகூடக் கிடையாது.

முழுமையாக்கினால் நிறை எண் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். முதல் இருபது தனிமங்களுக்கு அது ஒத்துவரும், அதற்குமேல் நம்ப வேண்டாம். புரோமினின் அணு நிறை 79.90; முழுமையாக்கினால் 80. ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமினில் 79, 81 ஆகிய இரண்டுதான் இருக்கின்றன. கேள்வியில் நிறை எண் கொடுத்திருந்தால் அதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஆர்கானிலிருந்து பொட்டாசியத்துக்குப் போகும்போது அணு நிறை 39.95-இலிருந்து 39.10-ஆகக் குறையும். தப்பாக எழுதிவிட்டோம் என்று அழிக்க வேண்டாம். அட்டவணையின் வரிசை அணு எண்ணைப் பொறுத்தது, நிறையைப் பொறுத்தது அல்ல.

மூன்றாம் நாள் அயனிகளுக்கு. நேர்க்குறி என்றால் எலக்ட்ரான் போயிருக்கிறது, எதிர்க்குறி என்றால் வந்திருக்கிறது. கூட்டல் குறியைப் பார்த்ததும் கை தன்னிச்சையாகக் கூட்டப் போகும், அதைத் தடுத்தால் போதும். சோடியம் ஒற்றை நேர் அயனியில் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10. குளோரைடில் புரோட்டான் 17, எலக்ட்ரான் 18. இதே முறையில் நைட்ரைடு, ஆக்சைடு, ஃபுளூரைடு, நியான், சோடியம் அயனி, இருநேர் மெக்னீசியம், மூன்றுநேர் அலுமினியம் ஆகிய ஏழையும் எழுதுங்கள். ஏழிலும் எலக்ட்ரான் பத்து. அடுத்த பாடத்தில் அயனி ஆரங்களை ஒப்பிடும்போது இதே ஏழும் திரும்ப வரும், பக்கத்தை மடித்து வையுங்கள்.

ஐசோடோப்பு, ஐசோபார், ஐசோடோன் மூன்றும் இந்தக் கணக்கேட்டிலேயே முடிந்துவிடும். புரோட்டான் ஒன்றாக இருந்தால் ஐசோடோப்பு. நிறை எண் ஒன்றாக இருந்தால் ஐசோபார்: ஆர்கான்-40, கால்சியம்-40. நியூட்ரான் ஒன்றாக இருந்தால் ஐசோடோன்: கார்பன்-13, நைட்ரஜன்-14, இரண்டிலும் ஏழு.

3. போர் மாதிரி: கிராஃப் தாளில் ஏணி (இரண்டு நாள்)

நீல்ஸ் போர் என்ற அறிவியலாளர் தந்த அணு மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஆற்றல் மட்டங்கள். விட்டுவிட வேண்டியது, எலக்ட்ரான் வட்டப் பாதையில் கோள் போலச் சுற்றுகிறது என்ற படம்.

ஹைட்ரஜனில் என்-ஆவது (n) மட்டத்தின் ஆற்றல் −13.6 ÷ என்² எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலுக்கான அலகு). முதல் நான்கு மட்டங்கள் −13.6, −3.4, −1.51, −0.85. இதை கிராஃப் தாளில் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் வரையுங்கள். தாளின் அடியில் முதல் கோடு. அதற்கு 10.2 செ.மீ. மேலே இரண்டாவது. அங்கிருந்து 1.9 செ.மீ. மேலே மூன்றாவது. நான்காவதற்கு ஒரு செ.மீ.கூட இல்லை, 0.66தான். அடிக்கோட்டிலிருந்து 13.6 செ.மீ. உயரத்தில் சுழிக்கோடு, எலக்ட்ரான் அணுவை விட்டு வெளியேறும் இடம் அது. மேலே போகப்போக மட்டங்கள் நெருங்குகின்றன என்று புத்தகம் ஒரு வரியில் சொல்வதை உங்கள் அளவுகோல் காட்டிவிடும்.

இப்போது அதே தாளில் மூன்றாம் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்கு ஓர் அம்பு. வித்தியாசம் 1.89 எலக்ட்ரான் வோல்ட். பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் இரண்டின் பெருக்கற்பலன் இந்த அலகுகளில் 1240; அதை இதனால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: 656. ஹைட்ரஜன் நிறமாலையின் சிவப்புக் கோடு இதுதான். இரண்டிலிருந்து ஒன்றுக்கு அம்பு போட்டால் 1240 ÷ 10.2, சுமார் 122 நானோமீட்டர். புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது.

எதிர்க்குறி பலரைக் குழப்பும். −13.6 என்பது −3.4-ஐ விடக் குறைந்த ஆற்றல். கிணற்றின் ஆழம் போல, சுழி என்பது தரைமட்டம். 13.6 பெரிய எண் என்பதால் முதல் மட்டம் ஆற்றல் மிகுந்தது என்று எழுதினால் அதன்பின் வரும் விடைகள் எல்லாமே தலைகீழாகும்.

இந்தச் சூத்திரம் ஒரே ஓர் எலக்ட்ரான் உள்ளவற்றுக்கு மட்டும். ஒற்றைநேர் ஹீலியம் அயனிக்கும் இருநேர் லித்தியம் அயனிக்கும் பயன்படுத்தலாம். அணு எண்ணின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஹீலியம் அயனியில் முதல் மட்டம் −54.4. நடுநிலை ஹீலியத்துக்குப் போட்டால் விடை தவறும், அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன.

4. அலைப் பண்பு: அலகில் கவனம் (ஒரு நாள்)

இந்தப் பகுதியில் கருத்தை விட அலகுதான் மதிப்பெண்ணைப் பறிக்கிறது. டி பிராலி அலைநீளத்துக்கு (நகரும் துகளுக்கு உரிய அலைநீளம்) பிளாங்க் மாறிலியை (6.626 × 10⁻³⁴) நிறை, திசைவேகம் இரண்டின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். நிறை கிலோகிராமில், வேகம் வினாடிக்கு மீட்டரில். கிரிக்கெட் பந்து 160 கிராம், மணிக்கு 140 கிலோமீட்டர் என்றால் 0.16 கிலோகிராம், வினாடிக்கு 38.9 மீட்டர். விடை சுமார் 1.07 × 10⁻³⁴ மீட்டர். கிராமை அப்படியே போட்டவருக்கு ஆயிரம் மடங்கு பிழை. வினாடிக்கு 10⁶ மீட்டர் போகும் எலக்ட்ரானுக்கு 7.3 × 10⁻¹⁰ மீட்டர் வரும். இது அணுவின் அளவை ஒட்டியது. அதனால்தான் எலக்ட்ரானுக்கு அலைப் பண்பைக் கணக்கில் எடுக்கிறோம், பந்துக்கு எடுப்பதில்லை.

5. குவாண்டம் எண்கள்: எல்லையைப் பிடியுங்கள் (இரண்டு நாள்)

நான்கு எண்களின் வரையறையை விட, ஒவ்வொன்றும் எதற்குள் அடங்கும் என்பது முக்கியம். முதன்மை எண் என் 1, 2, 3 என்று போகும். கோண உந்த எண் எல் சுழியில் தொடங்கி என்-ஐ விட ஒன்று குறைவு வரை மட்டும். காந்த எண் எம், −எல்லிலிருந்து +எல் வரை. தற்சுழற்சி எண் +½ அல்லது −½. எல் 0 என்றால் எஸ், 1 என்றால் பி, 2 என்றால் டி, 3 என்றால் எஃப்.

என் = 3-ஐ மட்டும் முழுதாக எழுதிப் பாருங்கள். 3எஸ்-இல் ஓர் ஆர்பிட்டால், 3பி-இல் மூன்று, 3டி-இல் ஐந்து. மொத்தம் ஒன்பது ஆர்பிட்டால், பதினெட்டு எலக்ட்ரான். 2என்² என்ற சூத்திரம் இங்கிருந்து பிறக்கிறது. 1பி, 2டி, 3எஃப் ஏன் இல்லை என்பதும் இதே எல்லையிலிருந்தே தெரியும்.

போட்டித் தேர்வில் கேள்வி கொஞ்சம் முறுக்கி வரும். என் = 3, எம் = −1 உள்ள எலக்ட்ரான்கள் அதிகபட்சம் எத்தனை? எல் கொடுக்கவில்லை. எம் −1 ஆக இருக்க எல் 1 அல்லது 2 ஆக வேண்டும். 3பி-இல் ஒன்று, 3டி-இல் ஒன்று, ஆக இரண்டு ஆர்பிட்டால், நான்கு எலக்ட்ரான். அவசரத்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள்.

ஆர்பிட் வேறு, ஆர்பிட்டால் வேறு. ஆர்பிட் என்பது போர் சொன்ன வட்டப்பாதை. ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு அதிகமுள்ள முப்பரிமாண வெளி. பாதை என்ற சொல்லை இனி எழுதாதீர்கள்.

6. எலக்ட்ரான் நிரப்புதல் (மூன்று நாள்)

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் வேண்டும். முதலில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூடவே வரும் ஒரு தவறைக் களையுங்கள். மூன்றாம் கூட்டில் 18 கொள்ளும் என்பதால் பொட்டாசியத்தை 2, 8, 9 என்று எழுதுவது. சரியானது 2, 8, 8, 1. காரணம் என் + எல் விதி. 4எஸ்-க்கு 4 + 0 = 4; 3டி-க்கு 3 + 2 = 5. குறைந்தது முதலில் நிரம்பும். 3டி-க்கும் 4பி-க்கும் கூட்டுத்தொகை ஐந்துதான். அப்போது என் சிறியதாக உள்ள 3டி முதலில்.

இரும்பை எடுத்து நிதானமாக நிரப்புங்கள். மொத்தம் 26. 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ வரை பதினெட்டு. 4எஸ்-இல் இரண்டு, இருபது. மீதி ஆறு 3டி-க்கு. ஐந்து கட்டம் வரைந்து, ஹுண்ட் விதிப்படி முதலில் ஐந்திலும் ஒரே திசையில் ஒவ்வோர் அம்பு. ஆறாவது அம்பு முதல் கட்டத்தில் தலைகீழாக. ஒரே ஆர்பிட்டாலில் உள்ள இரண்டு எலக்ட்ரானும் எதிரெதிர் சுழற்சியில் இருக்க வேண்டும் என்று பவுலி விதி கேட்கிறது. ஜோடி சேராத தனித்த எலக்ட்ரான் நான்கு. கட்டங்களை மனதிலேயே வரைய வேண்டாம், தாளில் போடுங்கள்.

இப்போது இருநேர் இரும்பு அயனி. இரண்டு எலக்ட்ரான் எங்கிருந்து போகும்? கடைசியில் நிரப்பிய 3டி-யிலிருந்து என்பதுதான் மிகப் பரவலான தவறு. எடுக்கும்போது வெளிக்கூட்டிலிருந்து, அதாவது 4எஸ்-இலிருந்து எடுக்க வேண்டும். இருநேர் அயனி 3டி⁶, மூன்றுநேர் அயனி 3டி⁵. தனித்த எலக்ட்ரான் முறையே நான்கு, ஐந்து. எண்ணிக்கையை அதோடு இரண்டு கூட்டியதால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் காந்தத் திருப்புத்திறன்: 4.90, 5.92 போர் மேக்னட்டான். அயனியில் தவறு செய்தவருக்கு இந்தக் கணக்கும் சேர்ந்தே போகும்.

விதிவிலக்கு இரண்டு கட்டாயம்: குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, காப்பர் 3டி¹⁰ 4எஸ்¹. பாதி நிரம்பிய நிலைக்கு நிலைப்புத்தன்மை ஏன் என்று கேட்டால் பரிமாற்றங்களை (ஒரே சுழற்சியுள்ள எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாறும் வழிகளை) எண்ணிக் காட்டுங்கள். ஒரே சுழற்சியுள்ள நான்கு எலக்ட்ரான்களில் ஜோடி சேரும் வழி ஆறு, ஐந்தில் பத்து. அந்தக் கூடுதல் பரிமாற்ற ஆற்றல் குரோமியத்துக்குச் சாதகம். இதை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடாதீர்கள். கார்பனை 2எஸ்¹ 2பி³ என்று எழுதுபவர்கள் உண்டு. தனி அணுவில் அது 2எஸ்² 2பி²தான். எஸ்-க்கும் பி-க்கும் இடையே ஆற்றல் இடைவெளி மிகப் பெரிது. குரோமியத்தின் தொகுதியிலேயே கீழே உள்ள டங்ஸ்டன்கூட 5டி⁴ 6எஸ்² ஆகத்தான் இருக்கிறது.

7. வடிவமும் கணுவும் (ஒரு நாள்)

எஸ் கோளம், பி இருமடல், டி பெரும்பாலும் நான்கு மடல். கணு என்பது எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு சுழியாக உள்ள இடம். மொத்தக் கணு என் − 1. கோணக் கணு எல். மீதி ஆரக் கணு. 3பி-க்கு மொத்தம் இரண்டு, கோணம் ஒன்று, ஆரம் ஒன்று. 4டி-க்கு மூன்று, இரண்டு, ஒன்று. பத்து ஆர்பிட்டாலுக்கு எழுதிப் பார்த்தால் இந்தப் பகுதி முடிந்தது.

8. கடைசி நாள்: ஒரே கேள்வியில் சோதனை

நோட்டை மூடிவிட்டு இதைப் போடுங்கள். ஒரு தனிமத்தின் மூன்றுநேர் அயனியில் 23 எலக்ட்ரான், 30 நியூட்ரான். தனிமம் எது, நிறை எண் என்ன, அயனியின் எலக்ட்ரான் அமைப்பு என்ன, தனித்த எலக்ட்ரான் எத்தனை, கடைசியாக நிரம்பிய துணைக்கூட்டின் என், எல் மதிப்புகள் என்ன?

விடை: இரும்பு, 56, ஆர்கான் அமைப்போடு 3டி⁵, ஐந்து, என் = 3, எல் = 2. மூன்று நிமிடத்தில் முடிந்தால் தாராளமாக மூன்றாம் பாடத்துக்குப் போகலாம். புரோட்டான் 20 என்று வந்திருந்தால் இரண்டாம் படியின் மூன்றாம் நாளை மறுபடி செய்யுங்கள். 3டி³ 4எஸ்² என்று வந்திருந்தால் ஆறாம் படியில் இரும்புக்கான கட்டங்களை மறுபடி வரையுங்கள். எல் = 3 என்று எழுதியிருந்தால் ஐந்தாம் படியில் என் = 3-ஐ ஒருமுறை முழுதாக எழுதினால் சரியாகிவிடும்; அதற்குப் பத்து நிமிடம் போதும்.